இரட்டைக் குடியுரிமையும் ஐக்கிய அமெரிக்க சமூகப் பாதுகாப்பு உதவித்தொகைகளும்

ஒருவர் ஒரே காலத்தில் இரண்டு நாடுகளின் குடிமகனாக இருப்பது இரட்டைக் குடியுரிமை எனப்படும். ஐக்கிய அமெரிக்காவின் நடுவண் அரசு முதியோருக்கும், உடல் அல்லது மன இயலாமையால் வேலை செய்ய முடியாதோருக்கும், இறந்த தொழிலாளரின் குடும்பத்தாருக்கும் வழங்கும் தொகைகள் பொதுவாகச் சமூகப் பாதுகாப்பு உதவித்தொகைகள் எனப்படுகின்றன. இரண்டாவது குடியுரிமை ஒன்றைப் பெறுவதால் இத்தொகைகள் குறையுமா, நிற்குமா, அல்லது மாற்றம் எதுவும் ஏற்படாதா என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

சுருக்கமாகக் கூறின், இரண்டாவது குடியுரிமை பெற்றார் என்ற காரணத்துக்காக மட்டும் எவருடைய ஓய்வூதியமோ இயலாமை உதவித்தொகையோ குறைக்கப்படுவதில்லை. செலுத்திய வரி, வேலை செய்த ஆண்டுகள், வசிக்கும் நாடு, பெறும் உதவித்தொகையின் வகை ஆகியவையே பெரும்பாலும் முடிவு செய்கின்றன. ஆனால் அமெரிக்கக் குடியுரிமையைக் கைவிடுவதும், அதைப் பெறாமலேயே நாட்டை விட்டு வெளியேறுவதும் பெரிய விளைவுகளை ஏற்படுத்தக்கூடும்.

இரு வகைத் திட்டங்கள்

அமெரிக்க சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசவெல்ட் 1935 ஆம் ஆண்டு ஆகஸ்டு 14 அன்று கையெழுத்திட்டார். தொடக்கத்தில் முதியோருக்கு மட்டும் இருந்த காப்பீட்டில், 1956 இல் இயலாமைக் காப்பீடும் சேர்க்கப்பட்டது. 1972 இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டத்தின்படி, துணை வருமான உதவி என்னும் தனித் திட்டம் 1974 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. இவற்றுள் முதலாவது வகை வரி செலுத்திப் பெறுவது. இரண்டாவது, தேவையின் அடிப்படையில் பெறுவது. இரண்டையும் ஒரே அலுவலகமே நடத்துவதால் பலரும் இவற்றை ஒன்றெனக் கருதிக் குழம்புகின்றனர். குடியுரிமை தொடர்பான விதிகள் இவ்விரண்டிலும் முற்றிலும் வேறானவை.

காப்பீட்டுத் திட்டம்: தொழிலாளியின் ஊதியத்திலிருந்து 6.2 விழுக்காடும், முதலாளியிடமிருந்து அதே அளவும் வரியாகப் பெறப்படுகின்றன. 2025 ஆம் ஆண்டில் இவ்வரி 176,100 டாலர் வரையான ஊதியத்துக்கே விதிக்கப்பட்டது. ஈட்டும் ஊதியத்துக்கேற்பக் கிரெடிட் எனப்படும் பணிப்புள்ளிகள் சேர்கின்றன. 2025 இல் 1,810 டாலர் ஊதியத்துக்கு ஒரு புள்ளி என்றும், ஆண்டுக்கு அதிகபட்சம் நான்கு புள்ளிகள் என்றும் இருந்தது. ஓய்வூதியம் பெற 40 புள்ளிகள், அதாவது ஏறத்தாழ பத்து ஆண்டு வேலை தேவை. 62 வயதில் குறைந்த தொகையுடன் ஓய்வூதியம் பெறத் தொடங்கலாம். 1960 அல்லது அதற்குப் பின் பிறந்தோருக்கு முழு ஓய்வு வயது 67 ஆகும். இயலாமைத் தொகைக்குப் பொதுவாக 40 புள்ளிகளும், அவற்றுள் 20 புள்ளிகள் கடைசிப் பத்து ஆண்டுகளில் ஈட்டியவையாகவும் இருக்கவேண்டும். இளவயதினருக்கு இதிலும் குறைவான புள்ளிகள் போதும்.

துணை வருமான உதவி: இதற்கு வேலை செய்திருக்க வேண்டியதில்லை. 65 வயது நிறைந்தவர்கள், பார்வையற்றோர், இயலாமை உடையோர் ஆகியோருள் வருமானமும் சொத்தும் மிகக் குறைவாக உள்ளோருக்கு இது வழங்கப்படுகின்றது. 2025 இல் நடுவண் அரசின் உயர்ந்தபட்சத் தொகை தனியொருவருக்கு மாதம் 967 டாலர், தம்பதியருக்கு 1,450 டாலர். தனியொருவரின் கணக்கிடத்தக்க சொத்து 2,000 டாலரையும், தம்பதியரின் சொத்து 3,000 டாலரையும் தாண்டக்கூடாது.

இரண்டாவது குடியுரிமையின் சட்ட நிலை

முன்னர் அமெரிக்கக் குடிமகன் ஒருவர் வேறு நாட்டுத் தேர்தலில் வாக்களித்தாலே குடியுரிமையை இழக்கும் நிலை இருந்தது. போலந்தில் பிறந்து 1926 இல் அமெரிக்கக் குடிமகனான பெய்சு அஃப்ரோயிம், 1951 இல் இசுரேலியத் தேர்தலில் வாக்களித்தார். இதனைக் காட்டி 1960 இல் அவருடைய கடவுச்சீட்டைப் புதுப்பிக்க அரசு மறுத்தது. ஒருவருடைய விருப்பமின்றி அவருடைய குடியுரிமையைப் பறிக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967 இல் தீர்ப்பளித்தது. 1980 இல் டெராசாசு வழக்கில், குடியுரிமையைத் துறக்கும் எண்ணம் இருந்தது என்பதை அரசே மெய்ப்பிக்கவேண்டும் என்று அந்நீதிமன்றம் கூறியது.

எனவே இன்று அமெரிக்கர் ஒருவர் வேறு நாட்டின் குடியுரிமையை ஏற்றுக்கொண்டாலும், அமெரிக்கக் குடியுரிமையைத் துறக்கும் எண்ணம் இல்லாதவரை அவர் அமெரிக்கக் குடிமகனாகவே தொடர்கின்றார். சமூகப் பாதுகாப்பு விதிகளிலும் அவர் அவ்வாறே கொள்ளப்படுகின்றார். இரண்டாவது கடவுச்சீட்டு அவருடைய பணிப்புள்ளிகளையோ மாதத் தொகையையோ மாற்றுவதில்லை.

எல்லா நாடுகளும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பது கவனிக்கத்தக்கது. இந்திய அரசியலமைப்பின் 9 ஆம் பிரிவும், 1955 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும், விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெறுபவர் இந்தியக் குடியுரிமையை இழக்கின்றார் என்கின்றன. 2005 முதல் வழங்கப்படும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை, அதன் பெயர் எவ்வாறிருப்பினும், குடியுரிமை அன்று. அது நீண்டகால நுழைவு உரிமையும் வேறு சில உரிமைகளும் தரும் அட்டையாகும். இலங்கையில் 1987 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் பின், அரசின் அனுமதியுடன் இரட்டைக் குடியுரிமை பெற முடிகின்றது. ஆகவே அமெரிக்கக் குடியுரிமை, ஒரு யாழ்ப்பாணத்தவருக்கு இரண்டாவது குடியுரிமையாக அமையலாம். மதுரையைச் சேர்ந்த ஒருவருக்கோ அது பழைய குடியுரிமைக்கு மாற்றாகவே அமையும்.

வெளிநாட்டில் வசிக்கும்போது

குடியுரிமையின் உண்மையான முக்கியத்துவம் பயனாளி அமெரிக்காவுக்கு வெளியே வசிக்கும்போதுதான் வெளிப்படுகின்றது.

அமெரிக்கக் குடிமக்கள், அவர்களுக்கு வேறு குடியுரிமை இருப்பினும் இல்லாவிடினும், ஏறத்தாழ எந்த நாட்டிலும் தமது ஓய்வூதியத்தையும் இயலாமைக் காப்பீட்டுத் தொகையையும் தொடர்ந்து பெறலாம். கியூபாவுக்கும் வட கொரியாவுக்கும் பணம் அனுப்பப்படுவதில்லை. அங்கு வசித்த காலத்துக்குரிய தொகையை, பணம் அனுப்பக்கூடிய வேறொரு நாட்டுக்குச் சென்றபின் குடிமகன் பெற்றுக்கொள்ளலாம். குடிமகன் அல்லாதவர் அக்காலத்துக்குரிய தொகையைப் பொதுவாக இழந்துவிடுகின்றார். இவற்றைத் தவிர நடு ஆசிய நாடுகள் சிலவற்றுக்கும் கட்டுப்பாடுகள் உள்ளன.

குடிமகன் அல்லாதோருக்கு ஆறு மாத விதி பொருந்தும். ஒருவர் தொடர்ந்து 30 நாட்கள் வெளிநாட்டில் இருந்தால், மீண்டும் தொடர்ந்து 30 நாட்கள் அமெரிக்காவில் இருக்கும் வரை அவர் வெளியில் இருப்பவராகவே கருதப்படுவார். இவ்வாறு ஆறு முழு நாட்காட்டி மாதங்கள் கடந்தால் தொகை நிறுத்தப்படும். அது மீண்டும் தொடங்க, ஒரு முழு நாட்காட்டி மாதம் அமெரிக்காவில் இருக்கவேண்டும். இடையில் சில நாட்கள் வந்துபோவது பயன் தருவதில்லை.

இவ்விதிக்குப் பல விலக்குகள் உண்டு. பயனாளி எந்த நாட்டுக் குடிமகன் என்பது இங்குதான் கணக்கில் வருகின்றது.

* ஜெர்மனி, அயர்லாந்து, இசுரேல், இத்தாலி, யப்பான் போன்ற நாடுகளின் குடிமக்களுக்கு ஒப்பந்தங்களின் அடிப்படையில் தொகை தொடர்கின்றது.
* இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் உள்ளிட்ட பல நாடுகளின் குடிமக்களுக்கு, தொழிலாளி 40 பணிப்புள்ளிகள் ஈட்டியிருந்தாலோ, பத்து ஆண்டுகள் அமெரிக்காவில் வசித்திருந்தாலோ தொகை தொடர்கின்றது.
* அமெரிக்காவுடன் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துள்ள நாட்டில் வசிப்போருக்கும் பொதுவாகத் தொகை தொடர்கின்றது.

எனவே 40 புள்ளிகள் ஈட்டிய இந்தியக் குடிமகன் ஒருவர், அமெரிக்கக் குடியுரிமை பெறாமலே கோயம்புத்தூரில் குடியேறினாலும் தமது ஓய்வூதியத்தைப் பெறலாம்.

வாழ்க்கைத்துணையும் பிள்ளைகளும்

தொழிலாளியின் கணக்கில் தொகை பெறும் கணவன், மனைவி, பிள்ளைகள் ஆகியோருக்கு அவரவர் குடியுரிமையே பார்க்கப்படுகின்றது. தொழிலாளி அமெரிக்கக் குடிமகன் என்பதால் மட்டும் அவருடைய மனைவிக்கு வெளிநாட்டில் பணம் வந்துவிடாது. குடிமகன் அல்லாத வாழ்க்கைத்துணை, தொழிலாளியுடன் அந்த உறவு நிலவிய காலத்தில் குறைந்தது ஐந்து ஆண்டுகள் அமெரிக்காவில் வசித்திருக்கவேண்டும் என்பது பொது விதி.

எடுத்துக்காட்டாக, அமெரிக்கக் குடிமகனான ஒருவர் முப்பது ஆண்டுகள் அங்கு வேலை செய்து இறந்துவிடுகின்றார் எனக் கொள்வோம். இந்தியக் குடியுரிமை கொண்ட அவருடைய மனைவி பெரும்பாலும் திருச்சியிலேயே வாழ்ந்து, கணவருடன் அமெரிக்காவில் மூன்று ஆண்டுகள் மட்டுமே இருந்திருக்கின்றார். அவர் திருச்சியில் இருந்துகொண்டு கைம்பெண்ணுக்குரிய தொகையைப் பெற இயலாது. அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்தால் ஆறு மாத விதியும் ஐந்து ஆண்டு விதியும் அவருக்குப் பொருந்தியிரா. கணவருடைய புள்ளிகளை மட்டும் கணக்கிட்டுத் திட்டமிடும் குடும்பங்கள் இதைக் கவனிக்கத் தவறுவதுண்டு.

இயலாமை உதவித்தொகைகள்

இயலாமைக் காப்பீட்டுத் தொகை, வெளிநாட்டில் வசிப்பதைப் பொறுத்தவரை, ஓய்வூதியத்துக்குரிய விதிகளையே பின்பற்றுகின்றது. குறைந்தது பன்னிரண்டு மாதங்கள் நீடிக்கக்கூடிய, அல்லது மரணத்தில் முடியக்கூடிய நோய் அல்லது குறைபாட்டால் கணிசமான வேலை எதையும் செய்ய இயலாதவரே இத்தொகைக்குத் தகுதியுடையவர். அவர் இரட்டைக் குடியுரிமை உடைய அமெரிக்கர் எனில், தமது மற்றத் தாய்நாட்டுக்குச் சென்று உறவினரின் கவனிப்பில் வாழ்ந்துகொண்டே தொகையைப் பெறலாம்.

துணை வருமான உதவி இதற்கு நேர்மாறானது. அமெரிக்கக் குடிமகனாகவே இருந்தாலும், ஒரு முழு நாட்காட்டி மாதமோ தொடர்ந்து 30 நாட்களோ நாட்டுக்கு வெளியே இருந்தால் தொகை நின்றுவிடும். திரும்பி வந்து தொடர்ந்து 30 நாட்கள் தங்கிய பின்னரே மீண்டும் தொடங்கும். பெற்றோரைப் பார்க்க இரண்டு மாதம் ஊருக்குச் செல்லும் ஒருவர், ஏறத்தாழ மூன்று மாதத் தொகையை இழக்க நேரிடலாம். வேறு நாட்டு ஓய்வூதியம் இத்திட்டத்தில் வருமானமாகக் கணக்கிடப்படுகின்றது. ஊரில் உள்ள, விற்கக்கூடிய நிலமோ மனையோ சொத்தாகக் கணக்கிடப்படலாம். இங்கும் காரணம் இரண்டாவது குடியுரிமை அன்று. மற்ற நாட்டில் உள்ள வருமானமும் சொத்துமே காரணம்.

குடிமகன் அல்லாதோர் இத்திட்டத்தில் சேர்வதை 1996 ஆம் ஆண்டுச் சட்டம் மிகவும் கட்டுப்படுத்தியது. நிரந்தர வசிப்புரிமை தரும் பச்சை அட்டை வைத்திருப்போருக்குப் பொதுவாக 40 பணிப்புள்ளிகள் தேவை. அகதிகளாக ஏற்கப்பட்டோர் முதல் ஏழு ஆண்டுகளுக்கே பெரும்பாலும் இத்தொகையைப் பெறலாம். அதற்குள் குடியுரிமை பெறாத முதியவர், வேறு விலக்கு இல்லையெனில், வருமானத்தை இழக்கின்றார். வயது முதிர்ந்து வந்து, ஆங்கிலத் தேர்வையும் குடியியல் தேர்வையும் எழுத வேண்டியோருக்கு இது கடினமான நிலையாகும்.

வேறு நாட்டு ஓய்வூதியமும் ஒப்பந்தங்களும்

வேறு நாட்டில் வேலை செய்து பெறும் ஓய்வூதியம், 1983 இல் கொண்டுவரப்பட்ட ஒரு விதியின்படி அமெரிக்க ஓய்வூதியத்தைக் குறைத்து வந்தது. இதனால் இரு நாடுகளில் உழைத்தோர் பலர் பாதிக்கப்பட்டனர். 2025 ஆம் ஆண்டு சனவரி 5 அன்று கையெழுத்தான சட்டம் இவ்விதியை நீக்கியது. 2024 சனவரி முதலான தொகைகளுக்கு இந்நீக்கம் பொருந்தும். பழைய நூல்களிலும் கையேடுகளிலும் இக்குறைப்பு இன்றும் இருப்பதாகவே எழுதப்பட்டிருக்கலாம்.

இரு நாடுகளில் பிரிந்து கிடக்கும் வேலைக் காலங்களைக் கூட்டித் தகுதி கணக்கிடுவதற்காக அமெரிக்கா பல நாடுகளுடன் ஒப்பந்தம் செய்துள்ளது. முதலாவது ஒப்பந்தம் 1978 இல் இத்தாலியுடன் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் குறைந்தது ஆறு புள்ளிகள் ஈட்டியோர் இவ்வொப்பந்தங்களைப் பயன்படுத்தலாம். இங்குப் பெரும்பாலும் குடியுரிமை அன்றி வேலை செய்த நாடே கணக்கில் வருகின்றது.

இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இத்தகைய ஒப்பந்தம் இல்லை. எச்-1பி நுழைவுரிமையில் செல்லும் மென்பொருள் பொறியாளர் ஒருவர் வழமையான உச்ச வரம்பான ஆறு ஆண்டுகள் வேலை செய்தால் 24 புள்ளிகள் பெறுவார். மீதி 16 புள்ளிகள் இன்றி நாடு திரும்பினால் ஓய்வூதியம் கிடைப்பதில்லை. செலுத்திய வரியும் திருப்பித் தரப்படுவதில்லை. புள்ளிகள் அழிவதில்லை என்பதால், பின்னாளில் மீண்டும் அங்கு வேலை செய்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

குடியுரிமையை இழத்தலும் துறத்தலும்

குடியுரிமையைத் துறப்பவரின் பணிப்புள்ளிகள் நீக்கப்படுவதில்லை. ஆனால் அவர் குடிமகன் அல்லாதோருக்கான விதிகளுக்குள் வந்துவிடுகின்றார். ஆறு மாத விதி அவருக்குப் பொருந்தும். அத்துடன், அமெரிக்காவில் வசிக்காத குடிமகன் அல்லாதோரின் தொகையில் 85 விழுக்காட்டின் மீது 30 விழுக்காடு வரி பிடிக்கப்படுகின்றது. அதாவது 1,000 டாலருக்கு 255 டாலர் வரியாகப் போகும். கனடா, ஐக்கிய இராச்சியம், ஜெர்மனி போன்ற நாடுகளில் வசிப்போருக்கு வரி ஒப்பந்தங்களால் விலக்கு உண்டு.

இத்துறையில் மிகவும் அறியப்பட்ட வழக்கு எஃப்ரம் நெசுட்டர் என்பவருடையது. பல்கேரியாவிலிருந்து 1913 இல் அமெரிக்காவுக்கு வந்த அவர், 43 ஆண்டுகள் அங்கு வாழ்ந்தும் குடியுரிமை பெறவில்லை. 1955 இல் மாதம் 55.60 டாலர் ஓய்வூதியம் பெறத் தொடங்கினார். 1933 முதல் 1939 வரை பொதுவுடைமைக் கட்சியில் உறுப்பினராக இருந்ததற்காக 1956 இல் நாடு கடத்தப்பட்டார். 1954 இல் இயற்றப்பட்ட சட்டப் பிரிவின்படி அவருடைய ஓய்வூதியமும் நிறுத்தப்பட்டது. அவர் 1936 முதல் சமூகப் பாதுகாப்பு வரி செலுத்தி வந்தவர். வரி செலுத்தியதால் ஓய்வூதியம் ஒருவருடைய சொத்துரிமை ஆகிவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1960 இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் இவ்வுதவித்தொகைகளை மாற்றவோ நிறுத்தவோ முடியும் என்பதற்கு இத்தீர்ப்பு இன்றும் அடிப்படையாக உள்ளது. நெசுட்டர் குடிமகனாக இருந்திருந்தால் அவரை நாடு கடத்த முடிந்திராது என்பது குறிப்பிடத்தக்கது.

இதற்கு மறுபுறமும் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால நாசிக் குற்றங்களில் தொடர்புடையோர் எனச் சந்தேகிக்கப்பட்ட சிலர், நாடு கடத்தும் ஆணை வருமுன் தாமாகவே குடியுரிமையைத் துறந்து வெளியேறியதால், சமூகப் பாதுகாப்புத் தொகையைத் தொடர்ந்து பெற்று வந்தனர். 2014 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம் இவ்வழியை அடைத்தது.

நடைமுறைக் கடமைகள்

* வெளிநாட்டில் வசிக்கும் பயனாளிகளுக்குக் குறித்த கால இடைவெளியில் வினாப்படிவம் அனுப்பப்படுகின்றது. பதில் அனுப்பாவிடில் தொகை நிறுத்தப்படும்.
* முழு ஓய்வு வயதை அடையாத ஓய்வூதியர், அமெரிக்க வரிக்கு உட்படாத வேலையை வெளிநாட்டில் மாதம் 45 மணி நேரத்துக்கு மேல் செய்தால், அம்மாதத் தொகை நிறுத்தப்படும். ஊதியம் எவ்வளவு என்பது பார்க்கப்படுவதில்லை.
* முகவரி, திருமண நிலை, குடியுரிமை ஆகியவற்றில் ஏற்படும் மாற்றங்களை அறிவிக்கவேண்டும். அறிவிக்காமல் பெற்ற மிகைத்தொகை திரும்பப் பெறப்படும்.
* மெடிக்கேர் எனப்படும் முதியோர் மருத்துவக் காப்பீடு, சில விலக்குகள் தவிர, வெளிநாட்டு மருத்துவச் செலவை ஏற்பதில்லை.

பிற நாடுகளுடன் ஒப்பீடு

தமிழர் பெருமளவில் வாழும் வேறு சில நாடுகளில், குடியுரிமையை விட வசித்த காலத்துக்கே கூடுதல் இடம் தரப்படுகின்றது. கனடாவின் முதியோர் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கு, 18 வயதுக்குப் பின் அங்கு பத்து ஆண்டுகள் வசித்திருக்கவேண்டும். வெளிநாட்டில் தொடர்ந்து பெறப் பொதுவாக 20 ஆண்டுகள் தேவை. ஆஸ்திரேலியாவின் முதியோர் ஓய்வூதியம், 26 வாரங்களுக்கு மேல் வெளிநாட்டில் இருப்போருக்கு, அவர்கள் அந்நாட்டில் வசித்த ஆண்டுகளுக்கேற்பக் குறைக்கப்படலாம்.

ஐக்கிய இராச்சியத்தின் அரச ஓய்வூதியம் இன்னொரு வகையினது. இந்தியா, இலங்கை, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் வசிப்போருக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் உயர்வு கிடைப்பதில்லை. பிரித்தானியக் குடிமகனாக இருப்பதும் இங்கு உதவுவதில்லை. தென்னாப்பிரிக்காவில் குடியேறிய ஆனெட் கார்சன் என்பவரும் வேறு சிலரும் தொடுத்த வழக்கை, ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2010 இல் தள்ளுபடி செய்தது. பிரித்தானிய முறையில் எங்கு வசிக்கின்றார் என்பதும், அமெரிக்க முறையில் வெளிநாட்டில் வசிப்போருக்கு எந்நாட்டுக் குடிமகன் என்பதும் முக்கியமாகின்றன. எனவே ஒரு நாட்டின் விதியைக் கொண்டு மற்றொரு நாட்டின் விதியை ஊகிக்க இயலாது.